மூட்டைக்கும் மானியம், தக்கைப்பூண்டுக்கும் மானியம்

காவிரிப் படுகை: மண்ணும் மனிதரும் – 23

சென்ற இதழில் மேட்டூர்த் தண்ணீர் புறப்பட்டுக் கடைமடைக்கு வந்து சேர்கிற கதையைப் பார்த்தோம். இந்த இதழில் தண்ணீரை விட்டுவிட்டு அரசுப் பணத்தின் பின்னால் போகலாம். ஆற்றுக்கு இருப்பதுபோலப் பணத்துக்கும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு.

மண்ணையும் நீரையும் கெடுக்காமல் சாகுபடி செய்கிற விவசாயிக்கு அரசு பணம் தர வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் சட்டமாகிவிட்ட கொள்கை. டெல்டாவில் இதைப் புதுச் சரக்காகப் பேசுகிறார்கள். தஞ்சாவூர் மண்ணுக்காக யாரோ ஒருவர் எப்போதும் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பவைதான் காலத்துக்குக் காலம் மாறின.

முதலில் கொடுத்தது அரசு அல்ல, நிலக்காரர். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு கீழத்தஞ்சை வரை வருவார்கள். பகலில் தரிசில் மேய்ச்சல், இரவில் வயலில் கிடை. ஓரிரவு கிடந்த இடத்தில் மறுநாள் கிடை இருக்காது, பக்கத்து வயலுக்கு நகர்ந்துவிடும். புழுக்கையும் மூத்திரமும் வயலில் தங்கும். அதற்குக் கூலியாக நெல்லோ காசோ கீதாரிக்குப் போகும். கிடைக்கு இவ்வளவு, இத்தனை ராத்திரி என்று பேச்சு வரப்பிலேயே முடிந்துவிடும். எழுத்தில்லை, அலுவலகம் இல்லை. அந்த வாழ்க்கையின் உள்பக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலைத் தேடிப் படிக்கலாம். கிடை இன்றும் போடுகிறார்கள், ஆனால் குறைந்துவிட்டது. மூன்று போகம் போகிற வயலில் ஆடு மேயத் தரிசு எங்கே இருக்கிறது?

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். வளமான மண் மிராசுதாருடையது. அதில் உழுதவனுக்கும் நட்டவளுக்கும் மண்ணின் வளத்தில் பங்கு இருந்ததில்லை.

வெள்ளை அரசு இந்த விஷயத்தில் பணம் போட்டதைவிட அறிக்கை போட்டதுதான் அதிகம். 1889இல் வந்து நாடு முழுக்கச் சுற்றி 1893இல் பெரிய அறிக்கை கொடுத்த வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், இந்திய விவசாயிக்கு விவசாயம் சொல்லித்தர வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்தார். சாணம் அடுப்புக்குப் போவதால் வயல் பட்டினி கிடக்கிறது, ஊருக்கு விறகுக் காடு வளர்த்துக் கொடுங்கள், சாணம் தானாக வயலுக்குத் திரும்பும் என்பது அவர் சொன்ன வைத்தியம். விறகுக்குச் செலவழித்து மண்ணைக் காப்பாற்றுவது! நம் காலத்துத் திட்ட வகுப்பாளர்கள்கூட இவ்வளவு சுற்றி யோசிப்பதில்லை. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மதராஸ் வேளாண் துறை பசுந்தாள் உரத்தையும் ஒற்றை நாற்று நடவையும் பரப்ப முயன்றது. 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. பெரிய பணம் எதுவும் வரவில்லை.

பெரிய பணம் 1960இல் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, இந்தியா உணவு நெருக்கடியை நோக்கிப் போகிறது, நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவாமல் தண்ணீர் உறுதியாக உள்ள இடங்களில் குவித்துச் செலவழியுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. அப்படித் தேர்ந்த முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். லூதியானா, மேற்குக் கோதாவரி, ராய்ப்பூர் ஆகியவையும் அந்த ஏழில் உண்டு. இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் அன்று ஒரே மாவட்டம். தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் என்று அரசாணையில் பெயர். ஊரில் எல்லோரும் சொன்னது பேக்கேஜ் திட்டம்.

விதை, உரம், மருந்து, கடன் நான்கையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பது அதன் சூத்திரம். கிராம சேவக் வீட்டுக்கு வந்து, உனக்கு எத்தனை மா, என்ன ரகம் போடுகிறாய், எவ்வளவு உரம் வேண்டும் என்று கேட்டுப் பண்ணைத் திட்டம் எழுதுவார். அதை வைத்துக் கூட்டுறவுச் சங்கம் கடன் தரும். கடனில் ஒரு பகுதி ரொக்கமாக வராது, உரமாக வரும். இந்த ஏற்பாட்டை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர் வயலில் எதைப் போடுவது என்பதை அதற்கு முன் வயலும் வழக்கமும் தீர்மானித்தன. இப்போது கடன் சீட்டு தீர்மானித்தது. பசுந்தாளுக்குக் கொழிஞ்சி விதைக்கவோ கிடை போடவோ கடன் கேட்டால் அந்தச் சீட்டில் இடம் இல்லை.

1960களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வெளிவந்தது. ஜப்பானிய நோரின் 10க்கும் நம் ஜி.இ.பி. 24க்கும் பிறந்த பிள்ளை. குறுவைக்கு ஏற்ற குறுகிய வயது, உரத்தைத் தின்று விளைச்சலாகத் திருப்பித் தரும் குணம். குறுவையில் அது பரவிய வேகத்தைப் பார்த்து அரசே அசந்துபோனது. நாடு கப்பலில் வந்த கோதுமையை நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் வயிற்றை நிரப்பிய அந்தச் சாதனையைக் கொச்சைப்படுத்துவது நியாயமில்லை. ஆனால் சூத்திரத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. வாய்மொழிக் குத்தகையில் உழுதவரிடம் நிலத்தைக் காட்டும் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாதவருக்குச் சங்கக் கடன் எட்டாது. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கல் 1971இல் வெளியிட்ட பசுமைப் புரட்சி பற்றிய நூலில் தஞ்சாவூருக்குத் தனி அத்தியாயமே உண்டு: லாபம் பெரிய கைகளுக்குப் போனதையும், கூலிப் பிணக்கு முற்றியதையும் எழுதியிருப்பார். அந்தக் கூலிப் பிணக்கில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பற்றி இத்தொடரில் தனியே வரும்.

பிறகு உர மானியம் தேசக் கொள்கையாகவே ஆனது. 1977இல் உற்பத்தியாளருக்கு ஈடுகட்டும் விலை முறை வந்தது. விவசாயி கொடுக்கும் விலைக்கும் ஆலையின் அடக்க விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசு கட்டியது. 2010இல் சத்துக்கு ஏற்ற மானியம் என்று மாற்றியபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்தார்கள். பொட்டாஷும் டிஏபியும் விலை ஏறின, யூரியா அசையவில்லை. மலிவானதை அள்ளிப் போடாமல் விவசாயி வேறு என்ன செய்வார்? பயிர் கரும்பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துப் பூச்சி வரும். பூச்சிக்கு மருந்து வரும். ‘விவசாயி அறியாமையால் உரம் கொட்டுகிறார்’ என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அவர் கணக்குப் பார்த்துத்தான் கொட்டினார். கணக்கை அப்படிப் போட்டுக் கொடுத்தது டில்லி.

இதே கூத்து வேறு சீமையிலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் பகுதியில் ஹால்வர்கேட் என்று ஒரு ஈர மேய்ச்சல் வெளி. நீரை வடித்துவிட்டுக் கோதுமை போட்டால் நல்ல காசு. வடிகால் வெட்ட மானியம், விளைந்த கோதுமைக்கு ஐரோப்பியச் சமூகத்தின் ஆதரவு விலை. 1980களின் தொடக்கத்தில் விவசாயிகள் ஏரைப் பூட்டப் போனதும் பறவை ஆர்வலர்கள் கொதித்து எழுந்தார்கள். 1985இல் அரசு ஒரு வழி கண்டது. உழாமல் மாடு மேய விட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு. ஒரு கை உழச் சொல்லிக் கொடுக்க, இன்னொரு கை உழாதே என்று கொடுத்தது. அந்தச் சின்ன ஏற்பாடுதான் பிறகு பிரிட்டன் முழுவதற்குமான சட்டமாகி, ஐரோப்பியக் கொள்கையாகவும் வளர்ந்தது. அதே 1985இல் அமெரிக்காவும் மண்ணரிப்புக்கு உள்ளாகும் நிலங்களை 10 முதல் 15 ஆண்டுகள் புல்லாக விட்டுவைக்க விவசாயிகளுக்கு வாடகை தரத் தொடங்கியது.

டெல்டாவில் அப்படி ‘சும்மா விடு’ என்று பணம் கொடுத்தால் சரிப்படுமா? சரிப்படாது. இங்கே சும்மா கிடக்கும் வயலில் நடவுக் கூலியும் கிடையாது, களையெடுப்புக் கூலியும் கிடையாது. நிலமில்லாத குடும்பம் அந்த ஆண்டு திருப்பூருக்குப் போக வேண்டியதுதான். நெல்லை நிறுத்தாமல், நெல் போடுகிற முறையை மாற்றப் பணம் கொடுப்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

அந்தத் திசையில் முதல் அடி 2003-04இல் விழுந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணியிலும் காவிரிப் படுகையிலும் விவசாயிகளின் வயல்களிலேயே திருந்திய நெல் சாகுபடியைச் சோதித்துப் பார்த்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக நடவு, கோனோ வீடரை உருட்டிக் களையைச் சேற்றிலேயே அமுக்குவது, தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுவது. 2010இல் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவை ஒட்டி அரசு அதற்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் சூட்டியது. மாமன்னர் பெயர் வைத்தால் நடவு நேராக வரும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்! கருவிகளுக்கு மானியம் வந்தது, செயல்விளக்கத் திடலுக்குப் பணம் வந்தது. தண்ணீரை மிச்சப்படுத்தியதற்கு என்று ஒரு ரூபாயும் வரவில்லை.

அங்கேதான் சிக்கலும். பம்புசெட் வைத்திருப்பவர் காயவிட்டுப் பாய்ச்சலாம், குழாய் அவர் கையில். வாய்க்கால் முறையை நம்பி நிற்கும் கடைமடைக்காரர் வந்த தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்வாரா, அடுத்த முறை வரும் என்று நம்பி வடிய விடுவாரா? நீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் கிளம்பி வானத்தைச் சூடாக்குகிறது, காயவிட்டால் குறையும் என்று விஞ்ஞானிகள் சொல்வது உண்மை. கார்பன் கணக்கு எழுதி அதற்குப் பணம் தருகிறோம் என்று நிறுவனங்கள் இப்போது நெல் வயல்களைத் தேடி வருகின்றன. முறைத் தண்ணீருக்கு உறுதி தராமல் அந்தப் பணத்தைக் கொடுத்தால் அது பம்புசெட்காரருக்கு மட்டுமே போகும்.

மீத்தேன் என்றதும் டெல்டாக்காரருக்கு நினைவு வருவது வேறு மீத்தேன். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017இல் கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் எண்ணெய்-எரிவாயுக் கிணறுகளை எதிர்த்துப் போராட்டம். இந்தப் போராட்டங்களின் பலனாக 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டம் பிறந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்கள் முழுமையாகவும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, எண்ணெய்-எரிவாயுத் துரப்பணம் ஆகியவை புதிதாக வரக் கூடாது. ஏற்கெனவே நடப்பவற்றுக்குத் தடை இல்லை. மனைப் பிரிவு தடைப் பட்டியலில் இல்லை.

அந்தச் சட்டம் வேண்டியதுதான். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி பக்கம் நிலக்கரி ஏலம் என்று செய்தி வந்தபோது அதைக் காட்டித்தான் மாநிலம் பேசியது. சில நாளில் மத்திய அரசு அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் அது கதவை அடைக்கிற சட்டம். உள்ளே இருக்கிறவருக்குச் சோறு போடுகிற சட்டம் அல்ல. 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணை வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது. வழக்கைக் கொண்டுபோனவர் நம் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாளின் துணைவர். கெடுத்தவரிடம் வசூலிப்பதற்கு நீதிமன்றம் வழி சொன்னது; கெடுக்க வருகிறவரைத் தடுப்பதற்குச் சட்டமன்றம் வழி செய்தது. காக்கிறவருக்குக் கொடுப்பது மட்டும் பாக்கி நின்றது.

அது மெல்லத் தொடங்கியிருக்கிறது. 2015 முதல் மத்திய அரசின் பரம்பராகத் திட்டத்தில் இயற்கை வேளாண்மைக் குழுக்களுக்கு ஹெக்டேர் கணக்கில் மூன்றாண்டுக்கு உதவித்தொகை. 2021இல் மாநில அரசு நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் உயிர்ம வேளாண்மைக் கொள்கை வந்தது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று 206 கோடி ரூபாய்த் திட்டம். அதில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை, 20 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 1,000 ரூபாய்.

இதைச் சின்னதென்று தள்ள வேண்டாம். பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவுக்கு மேலாகவே தழைச்சத்து மண்ணில் இறங்கும். அந்த ஒரு மூட்டையின் கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 242 ரூபாய், வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் தனி. அடக்கம் சுமார் 2,200 ரூபாய் என்று 2023 ஜூனில் மத்திய அரசே சொன்னது. அப்படியானால் மூட்டைக்கு 1,950 ரூபாய் மானியம். இரண்டு மூட்டை போடுகிறவருக்கு ஏக்கருக்கு 3,900 ரூபாய் அரசுப் பணம், அவர் கேட்காமலே, எந்தப் படிவமும் இல்லாமலே. தக்கைப்பூண்டு போடுகிறவருக்கு 1,000 ரூபாய், படிவம் எழுதிக் கொடுத்து.

இன்னொன்றும் உண்டு. தக்கைப்பூண்டுக்குச் செலவழிக்கிறது சென்னை. அதனால் ஒரு மூட்டை குறைந்தால் மிச்சம் டில்லிக்கு. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். பிரணாம் திட்டம் இந்த முடிச்சைப் பாதி அவிழ்க்கப் பார்க்கிறது: ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமான மானியத்தில் பாதியைத் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு. திரும்பி வருகிற பணத்தில் எவ்வளவு வயலுக்கு வருகிறது என்று திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் மாநிலமும் சளைத்ததில்லை. 2021இல் சுமார் 61 கோடி ரூபாயில் குறுவைச் சிறப்புத் தொகுப்பு அறிவித்தபோது அதில் பெரும்பங்கு இலவச உர மூட்டைக்குத்தான் போனது. ஒரே வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு மேசையில் மூட்டைக்குச் சீட்டு, அடுத்த மேசையில் அந்த மூட்டையைக் குறைக்க விதை.

கடைசியாகக் கடைமடை. பெரும்பாலான திட்டங்கள் சிட்டா கேட்கின்றன. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களின் நிலத்திலும், கோயில் நிலத்திலும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பட்டாதாரர்களின் நிலத்திலும் குத்தகைக்கு உழுகிறவர் சிட்டாவுக்கு எங்கே போவார்? 2019இல் வந்த ஆண்டுக்கு 6,000 ரூபாய்த் திட்டமும் நிலம் பெயரில் உள்ளவருக்கு மட்டும்தான். 1960இல் பண்ணைத் திட்டம் எழுதிய கிராம சேவக் முன்னால் நின்ற அதே ஆள், காகிதமில்லாமல் இன்றும் நிற்கிறார். மண்ணைத் திருத்த மூன்று நான்கு போகம் பிடிக்கும். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் தக்கைப்பூண்டு விதைப்பார்?

வழி இல்லாமல் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குத்தகைக்காரர் நெல் போடும்போது வி.ஏ.ஓ. தரும் அடங்கலை ஏற்றுக்கொள்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அதே அடங்கல் செல்லுகிறது. நெல்லை வாங்கப் போதுமான காகிதம், தக்கைப்பூண்டு விதை கொடுக்க மட்டும் போதாதா? வேளாண் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் முடிகிற காரியம் இது. குத்தகையைப் பதிவு செய்யத் தமிழ்நாடு வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. புதிதாகச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை.

(தொடரும்)